'உது' என்பதற்கு ஆங்கிலம் என்ன? மூவிடப் பெயர்களும் சுட்டுச் சொற்களும்

ரொறன்ரோவில் பிறந்த என் அக்காவின் பேத்தி ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் என்னோடு தமிழ் கதைத்துப் பழகுகிறாள். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் "உங்கை சரியான குளிரோ, பிள்ளை?" என்று நான் கேட்டபோது, அவள் குளிரைப் பற்றிச் சொல்லாமல் 'உங்கை' என்றால் என்ன என்று திருப்பிக் கேட்டாள். 'இங்கே', 'அங்கே' இரண்டையும் அவள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள், மூன்றாவதைப் படித்ததில்லை. நான் இருக்கும் யாழ்ப்பாணத்துக் கொக்குவில் 'இங்கை', அவள் இருக்கும் இடம் 'உங்கை', எங்கள் இருவருக்கும் அப்பால் அவளுடைய மாமா இருக்கும் இலண்டன் 'அங்கை' என்று விளக்கினேன். அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வாய் என்று நான் கேட்க, சற்று யோசித்துவிட்டு, தான் இருக்கும் இடமும் மாமா இருக்கும் இடமும் ஆங்கிலத்தில் ஒன்றேதான், இரண்டுக்கும் 'தெயர்' என்றுதான் சொல்வோம் என்றாள்.

'அ, இ, உ அம்மூன்றும் சுட்டு' என்கிறது தொல்காப்பியம். தமிழ்நாட்டுப் பேச்சில் 'உ' பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. யாழ்ப்பாணத்திலோ உது, உவன், உவள், உவை, உந்த, உங்கை, உப்பிடி என்று நாள் முழுவதும் அது வாயில் புழங்குகிறது. நம் அயல்மொழியாகிய சிங்களத்தில் சுட்டுகள் நான்கு: 'மே', 'ஒய', 'அர', 'ஏ'. இவற்றுள் 'ஒய' என்பது நம் 'உந்த' போலக் கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும். இன்றைய பொது ஆங்கிலத்துக்கு இருப்பவை இரண்டே. தூரத்தில் தெரிவதைச் சுட்டிய 'யொண்டர்' என்ற மூன்றாவது சொல் பழைய பாட்டுகளிலும் ஸ்கொட்லாந்து போன்ற சில பக்கங்களின் வட்டாரப் பேச்சிலும்தான் மிஞ்சியிருக்கிறது.

மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் 'அவன்' என்றால் 'ஹீ', 'இது' என்றால் 'திஸ்' என்று இரண்டு நிரலாகக் கொப்பியில் எழுதி மனப்பாடம் செய்வார்கள். அந்த நிரல் பாதி வழியில் கைவிட்டுவிடும். ஒவ்வொரு மொழியிலும் இந்தச் சிறிய சொற்கள் வாய்க்கு வருமுன் பேசுபவரிடம் சில கேள்விகளைக் கேட்கின்றன. தமிழ் கேட்கும் கேள்விகள் வேறு, ஆங்கிலம் கேட்கும் கேள்விகள் வேறு. பக்கத்தில் நிற்பவரா, தள்ளி நிற்பவரா, மதிப்புக் கொடுக்க வேண்டியவரா என்று தமிழ் கேட்கிறது. ஒருவரா பலரா, ஆணா பெண்ணா, அந்தச் சொல் வசனத்தில் செய்பவராக நிற்கிறதா, செய்யப்படுபவராக நிற்கிறதா என்று ஆங்கிலம் கேட்கிறது. நிரலை மூடிவைத்துவிட்டு இந்தக் கேள்விகளைப் பழகுவதுதான் நல்லது என்பது என் அனுபவம்.

எழுத்தைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலச் சொற்களை நம் ஊர் முறைப்படி 'இற்', 'தற்' என்று எழுதுகிறேன். தமிழ்நாட்டு வாசகர்கள் 'இட்', 'தட்' என்று வாசித்துக்கொள்ளலாம். 'திஸ்', 'தற்', 'தே' ஆகியவற்றின் முதல் ஒலி 'தம்பி'யில் வரும் வல்லின தகரம் அன்று. 'அது' என்று சாதாரணமாகச் சொல்லும்போது நாக்கு பல்லை உரசி வரும் மெல்லிய ஒலியே அதற்குக் கிட்டியது. 'அது' என்று சொல்லிப் பார்த்து, முன்னால் உள்ள அகரத்தை விழுங்கிவிட்டால் ஒலி சரியாக வந்துவிடும்.

முன்னிலையில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் யாழ்ப்பாணத்தவருக்கு ஆங்கிலத்தில் முதலில் நெருடுவது அதுதான். நமக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு. தம்பிக்கு 'நீ', மூத்தவருக்கும் புதியவருக்கும் 'நீங்கள்'. நடுவில் உள்ள 'நீர்' நண்பர்களுக்குள்ளும், கணவன் மனைவிக்குள்ளும், ஆசிரியர் வளர்ந்த மாணவரோடு பேசும்போதும் இன்றும் வழங்குகிறது: "நீர் எப்ப வந்தனீர்? இரும், தேத்தண்ணி குடியும்." இந்த மூன்றையும் ஆங்கிலம் 'யூ' என்ற ஒரே சொல்லுக்குள் அடைக்கிறது; போதாக்குறைக்கு ஒருவரும் 'யூ', நாற்பது பேரும் 'யூ'. பள்ளிக்கூட அதிபரைப் பார்த்து 'யூ' என்று சொல்லும் பிள்ளை தான் 'நீ' என்று சொல்லிவிட்டதாகக் கூசுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வரலாற்றைப் பார்த்தால் அந்தக் கூச்சத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் 'நீ' இருந்தது; அது 'தௌ', அதன் செயப்படுபொருள் வடிவம் 'தீ'. 'யீ', 'யூ' இரண்டும் பன்மைக்கு உரியவை. மதிப்புக்காக ஒருவரையே பன்மையில் அழைக்கும் வழக்கம், நாம் 'நீங்கள்' என்பது போல, அங்கேயும் பரவியது. பரவிப் பரவி, பதினேழாம் நூற்றாண்டு முடியும்போது பொது ஆங்கிலத்தில் 'தௌ' வழக்கொழிந்துபோயிற்று. ஆகவே 'யூ' என்பது பிறப்பால் 'நீங்கள்'. ஆங்கிலேயர் தொலைத்தது 'நீ' என்ற சொல்லையே.

இதில் பலர் தலைகீழாக விளங்கிக்கொள்ளும் ஒன்று உண்டு. வட்டுக்கோட்டையில் 1823 இல் அமெரிக்க மிசனரிமார் செமினரியைத் தொடங்கிய காலத்திலிருந்து இங்கே ஆங்கிலம் படித்தவர்களுக்கு 1611 ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் நன்கு பழக்கமானது. அதில் கடவுளை நோக்கி 'தௌ' என்றே வரும். கடவுளுக்குச் சொல்வதால் அது மிக உயர்ந்த மரியாதைச் சொல் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது நெருக்கத்தின் சொல். தேவாரம் பாடியவர்கள் சிவனை 'நீ' என்று அழைத்த உரிமைக்கு ஒப்பானது. தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் வேறு வழியில் போனது. "உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக" என்று நம் அயல் தேவாலயத்தில் சொல்லும்போது அங்கே நிற்பது 'நீர்'. அதே செபத்தின் ஆங்கிலத்தில் நிற்பது 'நீ'.

அப்படியானால் ஆங்கிலத்தில் மரியாதை எங்கே வைக்கப்படுகிறது? அழைக்கும் சொல்லிலும், கேள்வியைக் கட்டும் முறையிலும்தான். 'சேர்', 'மேடம்' என்பனவும், 'குட் யூ', 'வுட் யூ' என்று தொடங்கும் வேண்டுகோளும் நம் 'நீங்கள்', '-ங்கோ' ஆகியவற்றின் வேலையைச் செய்கின்றன. 'யூ' ஒருமையா பன்மையா என்பது வெளியே தெரியும் இடம் ஒன்றே ஒன்று: ஒருவரானால் 'யுவர்செல்ஃப்', பலரானால் 'யுவர்செல்வ்ஸ்'.

தன்மையில் ஒருமை எளிது: 'ஐ', எங்கே வந்தாலும் பெரிய எழுத்து. இன்னொருவரோடு சேர்த்துச் சொல்லும்போது மட்டும் நம் ஒழுங்கு மாறும். நாம் "நானும் தம்பியும் போனம்" என்போம், ஆங்கிலம் தம்பியை முன்னால் விட்டுத் தன்னைப் பின்னால் வைக்கும். பன்மையாகிய 'வீ' சற்றுச் சிக்கலானது. கேட்பவரையும் சேர்த்தால் 'நாம்', சேர்க்காவிட்டால் 'நாங்கள்' என்று எழுத்துத் தமிழ் பிரிக்கிறது, ஆங்கிலம் பிரிப்பதில்லை. ஆனால் யாழ்ப்பாணப் பேச்சில் 'நாம்' அருகி, 'நாங்கள்' என்பதே இரண்டுக்கும் வழங்குவதால், இந்த விடயத்தில் நாம் ஏற்கனவே ஆங்கிலத்தின் பக்கம் வந்துவிட்டவர்கள். வித்தியாசம் என்னவென்றால், நாம் குரலாலும் முகத்தாலும் "வாங்கோ" என்ற ஒரு சொல்லாலும் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறோம். இங்கிலாந்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கிய ஒரு பெண்ணிடம், நாளை விடியற்காலை 'வீ' நல்லூர்த் தேருக்குப் போகிறோம் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். விடிய ஓட்டோ வாசலில் நிற்க, நாங்கள் எல்லோரும் சேலை உடுத்து நிற்க, அந்தப் பிள்ளை நித்திரை. என் 'வீ' வீட்டாரை மட்டும் குறிப்பதாக அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். 'யூ அண்ட் ஐ', அல்லது 'ஓல் ஒஃப் அஸ்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். 'வீ' என்பதன் உடைமை வடிவம் காதுக்கு ஏறக்குறைய நம் 'அவர்' போலவே விழும், வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் யாரோ ஒருவர் "எவர்?" என்று கேட்பது வழக்கம்.

படர்க்கையில்தான் விடயம் நிறைய இருக்கிறது. அவன், இவன், உவன், அவர், இவர், உவர் என்ற ஆறு தமிழ்ச் சொற்களுக்கும் ஆங்கிலத்தில் 'ஹீ' ஒன்றே. பெண்பாலிலும் அப்படியே: அவள், இவள், உவள், பேச்சில் மரியாதையாக வரும் அவ, இவ, உவ, எல்லாம் 'ஷீ'. மரியாதை மறைந்ததைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. அப்பாவை 'ஹீ' என்பது அவமதிப்பு ஆகாது. கவலைப்பட வேண்டியது கிட்ட, தூர என்ற சுட்டு மறைந்ததைப் பற்றித்தான். "இவர் சொன்னார், அவர் கேக்கேல்லை" என்று நாம் சொன்னால் இருவரும் தனித்தனியாகத் தெரிகிறார்கள். ஆங்கிலத்தில் இருவரும் 'ஹீ' ஆகி, யார் சொன்னது, யார் கேட்காதது என்று தெரியாமற் போகிறது. அதனால் இரண்டு ஆண்களைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் ஒருவரையாவது பெயராலோ உறவு முறையாலோ குறிப்பிட்டே ஆக வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். அயலவர் ஒருவருடைய காணி விவகாரம் தொடர்பாக வெளிநாட்டில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்தேன். அவர் சொன்ன தமிழ் தெளிவானது: "அவர் தன்ர தம்பியோட அவற்ர காணியைப் பாக்கப் போனவர்." தம்பி போனவருடைய தம்பி, காணி மற்றவருடைய காணி. 'தன்' என்ற சொல் செய்தவரிடமே திரும்பி வரும், 'அவற்ர' என்பது வேறொருவரிடம் போகும். நான் எழுதிய ஆங்கிலத்தில் தம்பிக்கும் 'ஹிஸ்', காணிக்கும் 'ஹிஸ்'. காணி யாருடையது என்று தெளிவுபடுத்துமாறு பதில் வந்தது. தவறு என்னுடையது, அவர்கள் கேட்டது முழுக்க நியாயம். இரண்டாவது கடிதத்தில் 'ஹிஸ்' என்பதை எடுத்துவிட்டுக் காணிக்காரரின் பெயரையே எழுதினேன். ஆங்கில உடைமைச் சொல்லுக்குத் 'தன்' என்ற உணர்வு கிடையாது. வற்புறுத்த வேண்டுமானால் 'ஹிஸ் ஓன்' என்று ஒரு சொல்லைக் கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

ஆண் பெண் தெரியாதபோது என்ன செய்வது? எழுத்துத் தமிழில் சங்கடமே இல்லை: "விண்ணப்பதாரர் வந்தால் அவரை இருக்கச் சொல்லுங்கள்." ஆங்கிலத்தில் இந்த 'அவர்' என்பதற்கு நேர்ச்சொல் இல்லாததால், ஒருவரையே 'தே' என்று பன்மையால் சொல்லும் வழக்கம் பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே இருந்து வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு முதல் இலக்கண ஆசிரியர்கள் அதைக் கண்டித்து 'ஹீ' என்றே எழுதச் சொன்னார்கள். நான் படித்த காலத்திலும் அப்படித்தான் அடித்துத் திருத்தினார்கள். இப்போது அந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது. தம்மை ஆண் என்றோ பெண் என்றோ சொல்லிக்கொள்ளாத ஒருவரைக் குறிக்கும் 'தே' என்ற பொருளையும் அமெரிக்காவின் மெரியம் வெப்ஸ்ரர் அகராதி 2019 இல் சேர்த்துக்கொண்டு, அந்த ஆண்டின் சொல்லாகவும் 'தே' என்பதையே அறிவித்தது. ஒருவரைப் பற்றிப் பேசினாலும் வினை பன்மையில்தான் வரும்: 'தே ஆர்', ஒருபோதும் 'தே இஸ்' அன்று. 'அவர் வந்தார்' என்பதில் ஒருவருக்குப் பலர்பால் விகுதி வருவதை நினைத்துக்கொண்டால் இது வினோதமாகத் தோன்றாது.

பலரைக் குறிக்கும் 'தே' யாழ்ப்பாணத்தவருக்கு இன்னும் எளிது. இலக்கணப்படி 'அவை' என்பது அஃறிணைப் பன்மை. நம் பேச்சிலோ "அவை நாளைக்கு வருகினம்" என்று மனிதரையே சொல்கிறோம். கதிரைகளும் 'அவை', கலியாண வீட்டுக்கு வந்தவர்களும் 'அவை'. ஆங்கில 'தே' என்பதும் அவ்வாறே உயர்திணை, அஃறிணை என்று பார்ப்பதில்லை. திணை பார்ப்பது ஒருமையில்தான். 'இற்' என்று பொருளையும் விலங்கையும் சொல்லலாம். வளர்ப்பு நாயை அதன் வீட்டுக்காரர் 'ஹீ', 'ஷீ' என்றுதான் சொல்வார். "உதெல்லாம் ஒரு மனிசனே" என்று நாம் கோபத்தில் அஃறிணையாக்குவது போல, ஒரு மனிதரை 'இற்' என்பது ஆங்கிலத்திலும் கடும் வசை.

இதே 'இற்' என்பதற்கு நம்மிடம் இல்லாத ஒரு வேலையும் உண்டு. தமிழில் எழுவாய் இல்லாமலே வசனம் நடக்கும்: "நேரமாகுது", "இருட்டிப்போச்சு", "ஐஞ்சு மணி". ஆங்கில வசனத்துக்கு எழுவாய் இடம் வெறுமையாக இருக்கக் கூடாது. வைப்பதற்கு ஒன்றும் இல்லாவிட்டால் 'இற்' என்பதைக் கொண்டுவந்து இருத்திவிடுவார்கள். 'இற் இஸ் ரெய்னிங்' என்பதில் 'எது பெய்கிறது?' என்று கேட்டுப் பயனில்லை. வரவேண்டியவர் வராத சபையில் முன்வரிசைக் கதிரையில் யாரையாவது பிடித்து இருத்துவது போன்ற ஏற்பாடு அது. நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நேரம், காலநிலை, தூரம் பற்றிச் சொல்லும்போது தலையில்லாத வசனம் எழுதுவது இதனால்தான். நேர்மாறான பிழையும் உண்டு: "அண்ணா, அவர் கனடாவில இருக்கிறார்" என்ற பேச்சோட்டத்தில் 'மை பிரதர் ஹீ இஸ்' என்று ஒரே கதிரையில் இருவரை இருத்துவது.

வடிவ மாற்றம் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். தமிழில் எட்டு வேற்றுமை. ஆங்கில மூவிடப் பெயரில் மூன்றே நிலைகள். செய்பவராக நின்றால் 'ஐ', 'ஹீ', 'ஷீ', 'வீ', 'தே'. வினைக்கோ உருபுக்கோ பின்னால் வந்தால் 'மீ', 'ஹிம்', 'ஹர்', 'அஸ்', 'தெம்'. உடைமைக்கு 'மை', 'மைன்' முதலியன. 'என்', 'என்னுடையது' என்ற வேறுபாடுதான் அது. 'இற்ஸ்' என்று உடைமைப் பொருளில் எழுதும்போது மேலே சிறு கொக்கி போடக்கூடாது. கொக்கி போட்டால் 'இற் இஸ்' என்பதன் சுருக்கமாகிவிடும்.

நம்மவரைத் தடுக்கி விழுத்துவது 'எனக்கு'. எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்கு விருப்பமில்லை, எனக்கு ரெண்டு தங்கச்சிமார்: இந்த நான்கிலும் தமிழ் நான்காம் வேற்றுமையை வைக்கிறது, ஆங்கிலமோ நான்கிலும் 'ஐ' என்றே தொடங்குகிறது. "எனக்கு ஒரு புத்தகம் தந்தவர்" என்றால் மட்டும் 'மீ'. பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் சோதனை இது: இன்னொருவர் கையிலிருந்து ஒன்று என்னிடம் வருகிறதா, அல்லது பசியோ அறிவோ உடைமையோ என்னிடமே இருக்கிறதா? வந்தால் 'மீ', இருந்தால் 'ஐ'.

இனிச் சுட்டுக்கு வருகிறேன். வைகாசி, ஆனி மாதங்களில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் குவிந்திருக்கும். போன முறை நான் குந்தியிருந்து என் காலடிக் குவியலில் ஒன்றை எடுத்து "இது என்ன விலை, அக்கா?" என்றேன். விலை சொன்னார். அவருடைய மடியோரத்தில் கொஞ்சம் பெரிய காய்கள் இருந்தன, "உது?" என்றேன். அவர் அந்தக் காயைத் தொட்டு "இதோ? இது கனிஞ்சது, இண்டைக்கே சாப்பிட வேணும்" என்றார். எனக்கு 'உது' ஆனது அவருக்கு 'இது'. அவருக்குப் பின்னால் சாக்கில் இன்னும் சில கிடந்தன. "உதில்லை, அக்கா, அது." ஒரு மாம்பழமும் பெயர் சொல்லி அழைக்கப்படாமல் வியாபாரம் முடிந்தது.

இந்தப் பேச்சை ஆங்கிலத்தில் நடத்தினால், என் கையில் உள்ளது 'திஸ் வன்', அவருடைய மடியோரத்தில் உள்ளது 'தற் வன்', சாக்கில் உள்ளதும் 'தற் வன்'. இரண்டு 'தற்' மோதும்போது சொல்லால் பிரிக்க முடியாது. கையை நீட்ட வேண்டும், அல்லது 'பின்னால் உள்ளது' என்று இடத்தைச் சொல்ல வேண்டும். 'உது' என்று தமிழில் வாயில் வந்தால் ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'தற்' என்றே எடுத்துக்கொள்ளலாம். பேசுபவர் தன்னருகில் இருப்பதாகக் கொள்வது மட்டுமே 'திஸ்'. 'வன்' என்ற ஒட்டு, பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது வருவது.

இது, இந்த என்று தமிழ் வைத்திருக்கும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை. தனியாக நின்றாலும் 'திஸ்', பெயருக்கு முன் நின்றாலும் 'திஸ்'. அந்த ஒரு சுமை குறைய, வேறொரு சுமை ஏறுகிறது. நாம் "இந்தப் பத்து மாம்பழம்" என்கிறோம். பத்து என்று சொன்ன பிறகு 'இந்த' மாறுவதில்லை, மாம்பழமும் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் மாற வேண்டும்: 'தீஸ் ரென் மாங்கோஸ்'. நம் பிள்ளைகள் 'திஸ் மாங்கோஸ்' என்று சொல்வது அறியாமையால் மட்டுமன்று. 'திஸ்', 'தீஸ்' இரண்டும் அவர்கள் காதில் ஒன்றாகவே விழுகின்றன. குறில், நெடில் என்று ஒரு சொல் சொன்னால் தமிழ்ப் பிள்ளைக்கு உடனே பிடிபடும். ஒன்று என்றால் குறில், பல என்றால் நெடில். நெடிலின் முடிவில் உள்ள 'ஸ்' மட்டும் சற்று அதிர்ந்து ஒலிக்கும். 'தற்' என்பதன் பன்மை 'தோஸ்'.

ஆளைச் சுட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. "இவர் என்ர அண்ணா" என்று ஒருவரை அறிமுகப்படுத்தும்போது ஆங்கிலத்தில் 'திஸ் இஸ் மை பிரதர்' என்றுதான் சொல்ல வேண்டும். 'திஸ்' என்பதை 'இது' என்று மட்டும் படித்தவர்களுக்கு அண்ணனை அஃறிணையாக்குவது போல இருக்கும். அறிமுகத்தில் அது முறையான வழக்கு. அறிமுகம் முடிந்த அடுத்த வசனத்திலேயே அவர் 'ஹீ' ஆகிவிடுவார். 'திஸ் வேர்க்ஸ் இன் கொழும்பு' என்று தொடரக் கூடாது. பன்மையில் 'தோஸ் ஹூ' என்று தொடங்கும் அமைப்பு நம் 'கற்றோர்', 'அறிந்தோர்' என்பதற்குச் சரியாக ஒத்து வரும்.

கண்ணுக்குத் தெரியாதவற்றையும் சுட்டுகிறோம். இன்று காலை 'திஸ் மோர்னிங்'. என்றோ கழிந்துபோன ஒரு காலை 'தற் மோர்னிங்'. நான் இனிச் சொல்லப்போவது 'திஸ்'. எதிரில் இருப்பவர் சொல்லி முடித்தது 'தற்'. இந்த இரண்டாவது இடத்தில் யாழ்ப்பாணத்தவருக்கு இயல்பாகவே ஒரு வழிகாட்டி உண்டு. "உது சரிவராது", "உதைத்தானே நானும் சொன்னனான்" என்று எதிராளியின் பேச்சை நாம் 'உது' என்றே சுட்டுகிறோம். நம் வாயில் 'உது' வரும் அந்த இடத்தில் 'தற்' என்று போட்டால் பிழைக்காது. 'இது சரி' என்று எழுத்துத் தமிழில் யோசிப்பவர்தான் 'திஸ்' என்று சொல்லி மாட்டிக்கொள்வார்.

'தற்' என்பதற்குச் சுட்டல்லாத வேலைகளும் உண்டு. "அவர் வந்தார் என்று தெரியும்" என்பதில் உள்ள 'என்று', "வந்த ஆள்" என்பதில் பெயரெச்சம் செய்யும் இணைப்பு ஆகியவற்றையும் அதுவே செய்கிறது. ஒரு வசனத்தில் 'தற் தற்' என்று அடுத்தடுத்து வந்தால் அச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம். 'ஐ நோ தற் தற் மான் கேம்': அந்த ஆள் வந்தது எனக்குத் தெரியும். முன்னது 'என்று', பின்னது 'அந்த'. வாசிக்கும்போது முன்னதை விழுங்கியும் பின்னதை அழுத்தியும் சொல்ல வேண்டும். சுட்டும் சொல் ஒருபோதும் விழுங்கப்படுவதில்லை.

தொலைபேசியில் இந்தச் சுட்டுகள் இன்னும் நுட்பமாகின்றன, ஏனென்றால் கையை நீட்டிக் காட்ட முடியாது. நாம் "நான் கதைக்கிறன்" என்று சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் தம்மையே 'திஸ்' என்று சுட்டி, பின் பெயரைச் சொல்வார்கள். மறுமுனையில் இருப்பவரைப் பிரித்தானியர் 'ஹூ இஸ் தற்' என்று கேட்பார்கள், அமெரிக்கர் 'ஹூ இஸ் திஸ்' என்பார்கள். குரல் காதருகில் இருக்கிறதா கம்பியின் மறுமுனையில் இருக்கிறதா என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமுகம் இல்லை. அடுத்த ஞாயிறு பேத்தி அழைத்தபோது எங்கள் வளவுக்குப் பின்னால் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிட்டது. ஆங்கிலமானால் 'வற் இஸ் தற் நோய்ஸ்' என்று கேட்டிருப்பாள். சில நொடி பேசாமல் இருந்து, சொல்லைத் தேடி எடுத்து, "சின்னம்மம்மா, உது என்ன சத்தம்?" என்று கேட்டாள்.